முதல் ஞாயிற்றுக் கொடுவா

தசரதனுக்கு எதற்கெடுத்தாலும் கேரண்டி கொடுக்கிற வியாதி உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டின் கடைசித் தெருவில், தகரக் கூரை போட்ட ஒரு பிரஸ் ஷாப்பில் பதினாறு வருஷமாக அவன் செட்டர். தகடு வெட்டும் டையை மிஷினில் ஏற்றி, அளவு பார்த்து, நாலு பீஸ் அடித்துக் காட்டிவிட்டு, "ஓட்டிக்கோ, ஒண்ணும் ஆவாது, நான் கேரண்டி" என்று ஆப்பரேட்டரிடம் விட்டுவிட்டு அடுத்த மிஷினுக்குப் போவான். அந்த வாய் வீட்டுக்கு வந்தாலும் அடங்காது. மழை வராது என்று ஒரு கேரண்டி, பஸ் வந்துவிடும் என்று ஒரு கேரண்டி. கடைசியில் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் ஒன்றைக் கொடுத்துத் தொலைத்தான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசி மாதம். மாப்பிள்ளை மனோகரன் ஆவடியில் டெம்போ ஓட்டுகிறவன். எஸ்டேட்டுக்கு லோடு ஏற்ற வரும்போது, தசரதனுக்குச் சோறு கொண்டுவரும் தங்கச்சி வனஜாவைப் பார்த்து, ஆறு மாதம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்து, பிறகு ஒரு நாள் தைரியம் வந்து அம்மாவிடம் சொன்னான். அம்மா நாகம்மாள் ஆவடி மார்க்கெட்டில் கடல் மீன் விற்கிறவள். கோவில்பதாகையில் சொந்த வீடு. பேச்சு கொஞ்சம், பார்வை அதிகம். தசரதன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எங்க ஊட்ல மீனுதான் சோறு, மீனுதான் தொழிலு. பொண்ணு செதிலெடுத்து மீனு ஆய்வாளா?"

வனஜா வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லியிருப்பாளோ, அதற்குள் அண்ணன்காரன் குறுக்கே விழுந்தான்.

"இன்னாத்தே இப்டி கேட்டுட்டே? எம்மாம் பெரிய மீனா இருந்தாலும் குந்தி ஆஞ்சிப் போட்டுருவா. நான் கேரண்டி!"

நாகம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். வனஜா புடவைத் தலைப்புக்குள் வலது கையை வைத்தபடி அண்ணனைப் பார்த்தாள். அவன் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். வனஜாவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் கிடையாது. சமைப்பாள், துவைப்பாள், பூக்கூடக் கட்டுவாள். ஆனால் எதையாவது இறுக்கிப் பிடித்து இழுக்கச் சொன்னால் நழுவிவிடும். நெத்திலி, காரப்பொடி மாதிரி சின்ன மீன் என்றால் சமாளித்துக்கொள்வாள். பெரிய கடல் மீன் பக்கமே போவதில்லை. கை விஷயத்தை மாப்பிள்ளை வீட்டில் முழுசாக மறைக்கவும் இல்லை. கையில் ஒரு சின்ன அடி என்று சொல்லியிருந்தார்கள். சின்ன அடி என்பது எவ்வளவு சின்னது என்று யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

அந்த விரல்கள் போனது எண்பத்தெட்டில். அதே பிரஸ் ஷாப்பில்தான் அவளும் ஆப்பரேட்டராக இருந்தாள்; சேர்த்துவிட்டவனே தசரதன்தான். அவள் மிஷினில் இரண்டு பச்சை பட்டன், ஒன்று இந்தக் கோடி, இன்னொன்று அந்தக் கோடி. இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்று மிஷின் செய்தவன் வைத்த ஏற்பாடு அது. ஆனால் அப்படி ஓட்டினால் பீஸ் தேறாது என்று, அந்த ஷாப்பில் ஒரு பட்டனை சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்புறம் ஒரு கை தகட்டைத் தள்ளும், ஒரு கை பட்டனை அமுக்கும். செட்டர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். தங்கச்சி மிஷினுக்குக் கட்டியவன் தசரதன். கட்டிவிட்டு, ஒண்ணும் ஆவாது என்றவனும் அவனேதான்.

பிரஸ் இறங்கி அவள் கத்தியதும் ஓடி வந்தான். ஓடி வந்தவன் முதலில் என்ன செய்தான் தெரியுமா? சொல்லவே வாய் கூசுகிறது. பிளேடை எடுத்து டியூபை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம்தான் தரையில் கிடந்தவளின் கையைத் துணியில் சுற்றினான். ஆப்பரேட்டரின் கவனக்குறைவு என்று காகிதத்தில் எழுதினார்கள். சாட்சி என்று அவனும் கையெழுத்துப் போட்டான். இது ஒருத்தருக்கும் தெரியாது என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். வனஜா இடது கையால் சோறு பிசைவதைப் பார்க்கும்போதெல்லாம் பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிடுவான். எழுந்து கை கழுவிவிட்டுப் போய்விடுவான்.

அதனால்தான் இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு வெறி. நாலு இடத்திலிருந்து வந்து, கையைப் பார்த்து, பஜ்ஜியைத் தின்றுவிட்டு, அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்று போயிருந்தார்கள். மனோகரன் ஒருத்தன்தான் கையைப் பார்த்த பிறகும் பெண் வேண்டும் என்று வந்தவன்.

கல்யாணம் தை மாதம் என்று முடிவானது. அதற்குப் பிறகுதான் மனோகரன் ஒரு நாள் டீக்கடையில் சாவகாசமாக ஒரு விஷயத்தைச் சொன்னான். அவர்கள் வீட்டு மருமகள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டில் இருப்பதிலேயே முரட்டு மீனாகப் பார்த்து நாகம்மாள் கொண்டுவந்து போடுவாள். புது மருமகள் அதைத் தனியாக ஆய வேண்டும். சொந்தமும் தெருவும் சுற்றி நின்று பார்க்கும். அந்தக் குழம்பைத்தான் அன்றைக்கு எல்லோருக்கும் ஊற்றுவார்கள்.

"எங்க அண்ணிக்கு கெளாத்தி குடுத்தாங்க மச்சான். அதும் தோலு லாரி டயர் மாதிரி. அழுதுகினே உரிச்சாங்க," என்று சிரித்தான் மனோகரன். "எங்கம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னா கடையில வேற ஆள் குந்தணும் இல்ல? அத்தொட்டு வெச்ச வழக்கம். வனஜாவுக்கு கொடுவான்னு இப்பவே சொல்லிகினு கீறாங்க."

தசரதன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். கொடுவா என்றால் சாதாரண மீனா? பெரிதாக வளர்ந்ததென்றால் செதில் ஒவ்வொன்றும் நகம் கெட்டிக்கு இருக்கும். செவுள் மூடி பிளேடாக அறுக்கும். வாலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கையால் கத்தியை எதிர்ப்பக்கமாக அழுத்திச் சுரண்டினால்தான் செதில் பெயரும். அந்தப் பிடி வனஜாவிடம் இல்லை. இத்தனை பேர் முன்னால் அவளால் முடியாமல் போனால், பொய் சொல்லி வந்தவள் என்று அந்த வீட்டில் பெயர் ஒட்டிக்கொள்ளும். அது லேசில் போகாது. பொய் சொன்னவன் அவன், பெயர் அவளுக்கு.

வேறொருவனாக இருந்தால் நேரே நாகம்மாளிடம் போய் உண்மையைச் சொல்லியிருப்பான். தசரதன் மிஷின் தேடினான்.

அந்த வார ஞாயிறு, ஷாப்பில் யாருமில்லாத நேரத்தில் ஒரு கிலோ கொடுவா வாங்கிப் போய் கை கிரைண்டரில் காட்டினான். மீன் கையிலிருந்து பறந்து எதிர்ச் சுவரில் அறைந்து, பிரஸ்ஸுக்குப் பின்னால் விழுந்தது. செதிலோடு தோலும், தோலோடு சதையும் போயிருந்தது. மிச்சத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், மனைவி வசந்தகுமாரி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, ரயில்ல உயுந்த மீனா?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு, வேகம் குறைவாக ஓடுகிற டிரில்லிங் மிஷின் வேண்டுமென்று பூந்தமல்லிக்குப் போனான். அங்கே ஷவுகத் அலி பாய் டிரில், கிரைண்டர், மரம் இழைக்கிற மிஷின் எல்லாம் நாள் வாடகைக்கு விடுகிறவர். எதற்கு என்று கேட்டார். மீனுக்கு என்றான். பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஒரு முறை நன்றாகப் பார்த்தார்.

"மீன்ல ஓட்ட போட்டு இன்னாப்பா பண்ணப் போறே?"

"ஓட்ட இல்ல பாய். செதிலு எடுக்க."

"யா அல்லா! நாத்தம் புடிச்சா அப்பால என் மிஷினை எவன் வாங்குவான்? கழுவவும் முடியாது, கரண்டு மிஷினு." கொஞ்ச நேரம் முனகிவிட்டு, ஓரத்தில் கிடந்த பழைய மிஷின் ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார். "இத வெச்சிக்கோ. சுவிட்சு கொஞ்சம் டைட்டு. அமுக்கினே இருந்தாத்தான் ஓடும், பூட்டுற பட்டன் ஒடஞ்சி போச்சு."

அதில் முதலில் துரு எடுக்கிற கம்பி பிரஷ்ஷை மாட்டிப் பார்த்தான். செதில் அருமையாகப் பெயர்ந்தது. ஆனால் பிரஷ்ஷின் கம்பி உடைந்து உடைந்து மீன் சதைக்குள் போனது. சாப்பிடும்போது வசந்தகுமாரியின் ஈறில் ஒன்று குத்த, அன்றைக்கு அவன் கேட்ட வசவு கொஞ்சநஞ்சமில்லை. "தங்கச்சி கல்யாணத்துக்குள்ள என்ன கொன்னுருவே நீ!" என்றாள் அவள். அதுவும் நியாயம்தான்.

மூன்றாவது ஞாயிறு யோசனை வந்தது. வட்டமாக ஒரு மரத்துண்டு கடைந்து, அதன் விளிம்பைச் சுற்றி சோடா பாட்டில் மூடிகளைக் கவிழ்க்காமல் பல் வெளியே தெரிய ஆணியடித்தான். நடுவில் ஒரு போல்ட்டைச் செருகி டிரில்லில் மாட்டினான். சுற்றவிட்டால் மூடியின் பற்கள் செதிலை மட்டும் கிளப்பிக்கொண்டு போயின, தோல் கிழியவில்லை. மீன் நழுவாமலிருக்க ஒரு பலகையில் வாலைக் கவ்வுகிற கிளாம்பும் பொருத்தினான். வனஜாவை ஷாப்புக்குக் கூட்டிப்போய் இரண்டு மீனில் ஓட்டிக் காட்டினான். அவளும் ஓட்டிப் பார்த்தாள்.

"பாத்தியா? சோக்கா வருது இல்ல?"

"நாகம்மா அத்தகிட்ட உள்ளதச் சொல்லிட்டா இன்னா?" என்றாள் வனஜா.

"பைத்தியமா உனக்கு? தாலி கட்டட்டும் மொதல்ல. மிஷின் கீது, கிளாம்பு கீது. ஒண்ணும் ஆவாது."

அவள் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

தாலி கட்டியாயிற்று. புதன்கிழமை கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை மீன். தசரதன் காலை எட்டு மணிக்கெல்லாம் டிரில்லையும் பலகையையும் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கோவில்பதாகையில் நின்றான். வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் சிமெண்டுத் தரை. அங்கே மனோகரனின் அண்ணி, அத்தைமார் இரண்டு பேர், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று எட்டுப் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். புதுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வனஜா மணையில் உட்கார்ந்திருந்தாள்.

நாகம்மாள் மார்க்கெட்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவள் தரையில் போட்ட மீனைத் தசரதன் எட்டிப் பார்த்தான். ஏழு கிலோவுக்குக் குறையாது. வெள்ளி பூசிய முதுகு, ஆண்பிள்ளை மணிக்கட்டுப் பருமனுக்கு வால்.

அவன் சாக்கைப் பிரித்தான். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

"இன்னாப்பா அது? எங்க ஊட்டு செவுத்த ஒடைக்கப் போறியா?" என்றாள் நாகம்மாள்.

"மீன் ஆயற மிஷினுத்தே. நானே செஞ்சது. இதுல ஆயலாம் இல்ல?"

நாகம்மாள் சோடா மூடிச் சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "மீனு சுத்தமாவணும். நீ மம்பட்டியால ஆஞ்சாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அவதான் ஆயணும்," என்று சொல்லிவிட்டு ஒரு முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அப்பாடா என்று மூச்சு விட்டான் தசரதன். அந்த மூச்சு பாதியிலேயே நின்றது. அவன் செய்த கிளாம்பு ஒரு கிலோ மீனுக்குச் செய்தது. ஏழு கிலோ மீனின் வால் அதற்குள் நுழையவே இல்லை. திருகைக் கடைசி வரை திறந்து பார்த்தான், சுத்தியால் தட்டிப் பார்த்தான். பதினாறு வருஷம் அளவு பார்த்தே சம்பளம் வாங்கியவன், மீன் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கிளாம்பு செய்திருக்கிறான்!

"பரவால்ல. நான் புடிச்சிக்கிறேன்," என்றாள் வனஜா.

இடது கையால் வாலைப் பிடித்தாள். வலது கையில் டிரில். ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில் சுவிட்ச். அவளுக்கு அங்கே எட்டுவது மோதிர விரலும் சுண்டு விரலும்தான். அமுக்கினாள். மிஷின் உறுமியது, செதில்கள் நாலாப் பக்கமும் தெறித்தன, அண்ணிக்காரி முகத்தில் இரண்டு போய் ஒட்டிக்கொள்ளச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பத்து எண்ணுவதற்குள் விரல் நழுவி மிஷின் நின்றது. மறுபடி அமுக்கினாள். மறுபடி நின்றது. சின்ன மீனில் இது தெரியவில்லை, ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. இதுவோ முழுசாக ஒரு மணி நேர வேலை.

நாலாவது தடவை மிஷின் திடீரென்று நின்ற அதிர்ச்சியில் மீன் வழுக்கிப் புரண்டது. செவுள் மூடி அவள் இடது மணிக்கட்டைக் கீறி, மெல்லிசாக ரத்தம் கசிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் வனஜாவின் வலது கையையே பார்த்தார்கள்.

தசரதனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த இரண்டு பெண்களையும் அறையலாம் போலிருந்தது. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது. என்ன செய்கிறோம் என்று அவன் யோசிக்கவே இல்லை. செட்டர்களின் சட்டைப் பையில் எப்போதும் ஒன்றிரண்டு டியூப் துண்டு கிடக்கும். பிளக்கைப் பிடுங்கினான், டிரில்லை அவள் கையிலிருந்து வாங்கினான், டியூப் துண்டால் சுவிட்சை அமுக்கி, மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். எல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்தது. கை தானாகவே செய்தது.

"இந்தா. இனி நீ அமுக்கவே வேணாம். அது பாட்டுக்கு ஓடும், நீ புடிச்சிகினா போதும்," என்று சொல்லிப் பிளக்கை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான்.

வனஜா எழுந்து வந்து பிளக் சொருகுகிற இடத்தைக் கையால் மூடினாள்.

"போடாதே."

"ஒண்ணும் ஆவாது வனஜா, நான்..."

"அன்னிக்கும் இதான் சொன்னே."

அவள் கத்தவில்லை. உப்பு குறைவு என்று சொல்வாளே, அந்தக் குரல்தான்.

"நான் மயக்கமா கெடந்தேன்னு நெனச்சிகினியா? கண்ணத் தொறந்துகினுதான் இருந்தேன். நீ பிளேடால டியூப அறுத்து பாக்கெட்ல போட்டே. அப்பால தான் என் கையப் புடிச்சே. மூணு வருசமா பாத்துகினு கீறேன், இன்னிக்கிச் சொல்லுவே, நாளைக்கிச் சொல்லுவேன்னு. நீ சொல்லவே இல்லண்ணா."



"இன்னா மச்சான் இது? இன்னா சொல்லுது இவ?" என்றான் மனோகரன்.

மழுப்பியிருக்கலாம். அவனுக்குத் தெரியாத மழுப்பலா? ஆனால் வாயில் வந்தது வேறு. "நான்தான் மாப்ளே. மிஷின்ல பட்டனைக் கட்டி வெச்சது நான்தான். அதனாலதான் வெரலு போச்சு. கட்டுனத மறைச்சிட்டு, அவமேல தப்புன்னு கையெழுத்தும் போட்டேன்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. குழாயடிச் சுவரில் சாய்ந்து, எட்டுப் பத்துப் பொம்பளைகள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

வனஜா அவனைப் பார்க்கவில்லை. நாகம்மாளிடம் திரும்பினாள்.

"அத்தே, எங்கண்ணன் உங்ககிட்ட சொன்னது பொய்யி. எனக்கு இந்தக் கையில புடி கெடையாது. அன்னிக்கே நான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். உங்க புள்ளயக் கட்டிக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. அதான் சொல்லல. அண்ணன் சொன்னது பொய்யின்னா அது என் பொய்யும்தான்."

மனோகரன் தலையைக் குனிந்துகொண்டான். நாகம்மாள் முக்காலியை விட்டு எழுந்திருக்காமல் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இருந்தது, அது முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

"பொய்யி சொன்னா எனக்கு ஆவாது," என்றாள். "அப்பால பேசிக்கிறேன் ரெண்டு பேருகிட்டயும். இப்ப மீனு கெட்டுகினு கீது. ஒன்னு கேக்குறேன், நேராச் சொல்லு. உனக்கு ஆய வராதா, இல்ல தனியா ஆய வராதா?"

வனஜா யோசித்தாள். டிரில்லைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், இடது கையை ஒரு முறை மூடித் திறந்தாள்.

"எடது கையால மிஷின ஓட்டிருவேன் அத்தே. வால யாராச்சும் புடிச்சா ஆஞ்சிருவேன்."

"அத சொல்லேன்! தனியா ஆயணும்னு நானா சட்டம் போட்டுகினதுதானே? எங்க மாமியாரு காலத்துல ரெண்டு பேரு குந்திதான் ஆஞ்சாங்க."

மனோகரன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். நாகம்மாள் ஒரு அதட்டல் போட்டாள்.

"நீ குந்துடா. உன்ன எவன் கூப்ட்டது?" பிறகு சுவரோரம் நின்றவனைப் பார்த்தாள். "இன்னா நைனா, அழுது முடிச்சியா? நீதானே கேரண்டி குடுத்தே. மூஞ்சக் கழுவிகினு வந்து வாலப் புடி."

தசரதன் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். வந்து குத்தவைத்து உட்கார்ந்து, மீனின் வாலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். வனஜா டிரில்லை மடியில் வைத்து, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். டியூப் துண்டைச் சாக்கடைப் பக்கம் வீசினாள். மிஷினை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையை அதன் முதுகில் வைத்து அழுத்தம் கொடுத்துப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது. மனோகரன் பிளக்கைச் சொருகினான்.

செதிலை எடுப்பதென்றால் வாலிலிருந்து தொடங்கித் தலைப் பக்கம் போக வேண்டும். ஆகவே ஒவ்வொரு இழுப்பும் தசரதனின் விரல்களுக்குப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. சோடா மூடிகளின் பற்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், அவன் கட்டை விரலுக்கு ஓர் அங்குலத்தில் சுழன்றன. அந்தக் காற்று அவன் விரலில் பட்டது. ஆயிரம் மிஷினை ஓட்டிக் கொடுத்திருக்கிறான். சுவிட்ச் இன்னொருத்தர் கையில் இருக்க, தன் விரலை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இரண்டாவது இழுப்பிலேயே உள்ளங்கை வேர்த்துவிட்டது. மூன்றாவதில் மீன் லேசாகத் துள்ளியது. சக்கரம் அவன் பக்கம் சாய்ந்தது.

"பாத்து வனஜா! பாத்தும்மா!"

மிஷின் அந்தக் கணமே நின்றது. முகத்திலும் தலைமுடியிலும் செதில் ஒட்டியிருக்க, வனஜா நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"பயப்படாதேண்ணா. நான் கைய எடுத்தா நின்னுடும்," என்றாள்.

அவன் வாலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் அமுக்கினாள்.